மடங்காத விரல்

பிரமிளா ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் பிடிப்பதில்லை. முதலில் கையைத்தான் பார்ப்பாள். ஈப்போ புந்தோங் பாசாரில் மீன் நிறுக்கிறவர், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், கோயிலில் திருநீறு நீட்டுகிற பூசாரி, யாராக இருந்தாலும் அவள் கண் நேராக விரலுக்குப் போய்விடும். விரல் மடங்குகிறதா என்று பார்ப்பாள். மடங்கினால்தான் அவளுக்கு மூச்சு வரும். "அந்த அக்காவுக்கு என்னமோ கோளாறுலா" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும்? தெரிந்திருந்தால் அவர்களுக்கும் தூக்கம் போயிருக்கும்.

மற்றபடி அவளிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் பசியாறிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள் என்றால் லகாட்டில் போய்த்தான் நிறுத்துவாள். ஈயம் தோண்டிய காலத்தில் யாரோ ஒரு சீன முதலாளி, தவுக்கே, கட்டிய கிடங்கு அங்கே இருக்கிறது. ஈயம் தீர்ந்தது, தவுக்கே போய்ச் சேர்ந்தார், கிடங்கு மட்டும் நின்றது. இப்போது அதற்குள் டால்பின் எலும்புகள் இருக்கின்றன. சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் டால்பினுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், கடலோரத்தில் எலும்பு பூஞ்சணம் பிடித்துவிடும், வாடகையும் கட்டுப்படியாகாது என்று டாக்டர் ஜானிஸ் சொல்வார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். சித்தியவான் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பிரமிளாவுக்கு இளையவர், அதனால் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். பேராக் மாநிலக் கரையில் எங்கே டால்பின் செத்து ஒதுங்கினாலும் வேனை எடுத்துக்கொண்டு ஓடுவார். அது எந்த இனம், எப்படிச் செத்தது, இந்தக் கரையில் இன்னும் எத்தனை மிச்சம் என்பதுதான் அவர் கவலை. நல்ல மனுஷி. சிரித்தால் கிடங்கே அதிரும்.

பிரமிளா அங்கே கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். அதற்கு முன் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாள். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். பீங்கான் கைகள் வரிசை வரிசையாகக் கித்தா என்கிற ரப்பர்ப் பாலில் முங்கி எழுந்து, விரல் விறைத்தபடி அவளைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஆயிரம் கை என்று கணக்கே கிடையாது. புருஷனுடைய கையைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் அதை என்னவென்று சொல்வது? விதி என்று சொல்லிவிடலாம். அவள் சொல்லவில்லை, வேலையை விட்டாள்.

கிடங்கில் எலும்பு வேலைக்கு வந்த ரெண்டு பேர் நாற்றம் தாங்காமல் ஓடிப்போனதால் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. செத்த டால்பினை மணல் தொட்டியில் புதைத்து வைப்பார்கள். மாதக்கணக்கில் புழுவும் பூச்சியும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிறகு தோண்டி எடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பல் துலக்குகிற பிரஷால் தேய்த்து, நிழலில் காயவைத்து, மண்டையிலிருந்து வால் நுனி வரை மேசையில் அடுக்க வேண்டும். சின்ன எலும்பு ஒன்றும் தப்பிவிடாமல் இருக்கத் தொட்டி மணலையெல்லாம் சல்லடையில் சலிக்க வேண்டும். பிரமிளாவுக்கு நாற்றம் பெரிதாகப் படவில்லை. கித்தாக் கட்டிப் பால் அழுகுகிற கொட்டகைக்குப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்த மூக்கு அது.

"பல்லைப் பாருங்க அக்கா, முதல்ல பல்லு," என்று ஜானிஸ்தான் சொல்லிக்கொடுத்தார். பல் கூராக இருந்தால் டால்பின். மண்வெட்டி போலத் தட்டையாக இருந்தால் அது முதுகில் துடுப்பில்லாத சின்னச் சாதி, டால்பினுக்குத் தூரத்து உறவு. மூக்கு நீளமாக, பல் நெருக்கமாக இருந்தால் கூன்முதுகு. வயதானால் ரோஜா நிறமாகிவிடுகிறதே, அது. மூக்கே இல்லாமல் முகம் குட்டையாக, பல் கொஞ்சமாக இருந்தால் ஐராவதி. ஆற்று முகத்துவாரத்தில் சேற்றுத் தண்ணீரில் திரிகிறது அதுதான். மண்டை உடைந்து வந்தால் கழுத்து. கழுத்தெலும்பில் எத்தனை ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கழுத்தும் இல்லையென்றால் காதெலும்பு. கூழாங்கல் மாதிரி கனத்துக் கிடக்கும், சல்லடையில் முதலில் சத்தம் போடுவது அதுதான். எலும்பின் முனையில் தொப்பி ஒட்டாமல் தனியே கழன்று வந்தால் அது குட்டி. பெரிதானால்தான் ஒட்டும். இதெல்லாம் பிரமிளாவுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வேலை அவளுக்குப் பிடித்தும் போனது. செத்துப்போனதற்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் துடுப்பை அடுக்கிய அன்றோடு போனது.

பக்கத் துடுப்பைத் தேய்த்து எடுத்தபோது உள்ளே ஒரு கை இருந்தது. பிரஷைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அக்கா, கைதான் அது," என்று ஜானிஸ் சிரித்தார். "இதுங்க ஒரு காலத்துல தரையில நடந்த சாதிலா. தோள், முழங்கை, மணிக்கட்டு, அஞ்சு விரல், எல்லாம் நமக்கு இருக்கிற மாதிரியே. ஆனா எண்ணிப் பாருங்க. நமக்கு ஒரு விரல்ல மூணு எலும்பு. இதுக்கு ரெண்டாவது விரல்ல ஆறு, ஏழு வரும். இன்னொண்ணு, நம்ம விரல் மடங்கும். எலும்பு முனையைப் பார்த்தாலே தெரியும், கதவுக் கீல் மாதிரி இருக்கும். இதுக்குக் கீல் கிடையாது. ரெண்டு முனையும் தட்டை. நீந்துற கைக்கு மடங்கி என்ன ஆகப்போகுது?"

பெருவிரலும் சுண்டுவிரலும் வெறும் பேருக்கு. நடுவில் ரெண்டு விரல் மட்டும் நீளமாக, நீளமாகப் போய்க்கொண்டே இருந்தன. பிரமிளா அந்த விரலை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். வாழை இலையில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதற்கு மஞ்சள் பூசியிருக்கிறாள். அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தாலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

அவள் புருஷன் பெயர் தர்மேந்திரன். தெலுக் இந்தான் பக்கத்தில் கிளிமார் தோட்டம் என்று ஒன்று இருந்தது. கித்தா மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்ட தோட்டம். அங்கே செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினான். கோயில் திருவிழா வந்தால் உறுமி அவனிடம்தான். விரல் அப்படி. வளைந்த குச்சியைத் தோலில் வைத்து இழுத்தான் என்றால் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் எழும்பும். "இந்த விரலைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன்" என்று பிரமிளா கேலி செய்வாள். கேலி என்றாலும் பொய் இல்லை.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு அவன் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டினவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அவன் தாண்டினான். பாகான் டத்தோவில் படகு வைத்திருந்த கூட்டாளிக்கு வலை இழுக்க ஆள் இல்லை. ஒரு மத்தியானம்தானே, சாயங்காலம் உறுமிக்கு வந்துவிடுகிறேன் என்று போனான். முகத்துவாரத்தில் காற்று திடீரென்று திரும்பிப் படகைப் புரட்டிவிட்டது. கூட்டாளி நீந்தி, கடலில் கட்டை நட்டு மீன் பிடிக்கிற கெலோங் ஒன்றின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். தர்மேந்திரன் அகப்படவில்லை. எல்லையைத் தாண்டினான், ஆத்தா எடுத்துக்கிட்டா என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. சனங்களுக்குக் காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், மனசு ஆறிவிடும். பிரமிளாவுக்கு ஆறவில்லை. கண்ணை மூடினால் அவன் வாசலில் நின்றான். சொட்டச் சொட்ட நனைந்து, ஒன்றும் பேசாமல், ஒரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். கூரைக் காற்றாடி சுற்றினால் உறுமி கேட்டது. சோறு இறங்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, கரையோரச் சேற்றில் பாக்காவ் மர வேரில் சிக்கிக் கிடந்தது என்று படகுக்காரர்கள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சதையெல்லாம் போய், நரம்பு காய்ந்து ஒட்டிக்கொண்ட கை. மணிக்கட்டோடு அறுந்திருந்தது. நடுவில் ரெண்டு விரல் நீளமாக இருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் நூல்.

"காப்பு!" என்று கத்தினான் தர்மேந்திரனின் அண்ணன் தனேஸ்வரன். கத்திவிட்டு அழுதான். பெண்கள் விரலைப் பார்த்தார்கள். உறுமிக்காரன் விரல் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். போலீஸில் கொடுத்தால் பெட்டியில் போட்டு எங்கேயோ அனுப்பிவிடுவார்கள், திரும்பி வருமோ வராதோ, ஆத்மா அலையும் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். தோட்டத்து இடுகாட்டில், ஒரு மண் சட்டியில் வைத்துப் புதைத்தார்கள். கருமாதி முடிந்தது. அதற்கப்புறம் அவன் பிரமிளாவின் கனவில் வரவில்லை. மாமியார் முத்தம்மாவும் அன்றுதான் வாய் நிறையச் சாப்பிட்டாள். ஒவ்வொரு தீபாவளிக்கு முதல் நாளும் மாமியாரும் மருமகளும் போய்ப் புல்லைப் பிடுங்கி, பால் ஊற்றி, அவனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலோடு சோறு படைத்துவிட்டு வருவார்கள்.

துடுப்பை அடுக்கிய அன்று சாயங்காலம் கிடங்குக் காற்றாடி உறுமியது. பிரமிளா உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாள். நிமிர்ந்தால், மணல் தொட்டிக்குப் பக்கத்தில் அவன். அதே ஈரம், அதே மறைத்த கை. கண் விழித்தும் சேற்று வாடை போகவில்லை. அன்றிலிருந்து அவன் வந்துகொண்டே இருந்தான்.

ஒருவேளை அன்று புதைக்கும்போது நான் சரியாகப் பார்க்கவில்லையோ, அழுத கண்ணுக்கு மூன்று ஏழாகத் தெரிந்திருக்குமோ என்று அவள் தன்னோடு மல்லுக்கட்டினாள். சில நாள் நம்பவும் செய்தாள். ஆனால் அவள் வேலை செய்கிற விதம் மாறிவிட்டது. முகத்துவாரத்து மீனவர்கள் வலையில் ஏறும் எலும்பையெல்லாம் கோணி மூட்டையில் கட்டி வைப்பார்கள், ஜானிஸ் போய் அள்ளிக்கொண்டு வருவார். மூட்டையை அவிழ்த்ததும் பிரமிளாதான் முதலில் உட்காருவாள். பல்லைப் பார்ப்பாள், கழுத்தைப் பார்ப்பாள், இன்னது இன்னது என்று பிரித்து வைப்பாள். "அக்கா மாதிரி பொறுமை யாருக்கும் வராது" என்று ஜானிஸ் பெருமைப்படுவார். அவருக்குத் தெரியாது, பிரமிளா தேடியது டால்பினை அல்ல. டால்பினாக இல்லாத ஒன்றை, முனையில் கீல் உள்ள ஒரு சின்ன எலும்பைத் தேடினாள். எல்லா இனத்தையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது அவனாகத்தானே இருக்க முடியும்? அப்படித்தான் அவள் கற்றுக்கொண்டாள், வருஷக்கணக்காக.

போன வருஷம் தனேஸ்வரன் போன் செய்தான். தோட்டம் விற்றாகிவிட்டது, வீடுகள் கட்டப்போகிறார்கள், இடுகாட்டை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள், குடும்பத்து ஆள் இருந்து எடுத்துப் போக வேண்டுமாம்.

"அம்மா ஒரே பிடிவாதமா இருக்கு, பிரமிளா. புது எடத்துல தம்பிக்குப் பக்கத்துலயே அதுக்கும் ஒரு குழி வேணுமாம். நான் எழுதி வச்சிட்டேன். நீ வந்துரு. எலும்பைக் கழுவணும், அது உனக்குத்தான் பழக்கம்லா."

பிரமிளா போனை வைத்தாள். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். போகாவிட்டால் அந்தச் சட்டி அப்படியே புது இடத்துக்குப் போகும். தான் பெற்ற மகன் என்று நினைத்துக்கொண்டு ஒரு கிழவி அதன் பக்கத்தில் போய்ப் படுப்பாள். சொன்னால்? சொன்னால் அவளுக்கு மகனும் இல்லை, மகன் குழியும் இல்லை. இருக்கிற ஒரே நிம்மதியும் போய்விடும். இதற்கு நடுவில் அவன் வேறு ஒவ்வொரு நாளும் வந்து நின்றான்.

தோண்டிய அன்று வெயில் சுள்ளென்று இருந்தது. ஏழெட்டுக் குடும்பம் குடையோடு நின்றது. சட்டி பாதி உடைந்திருந்தது. தனேஸ்வரன் அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு வந்து பிரமிளாவின் முன்னால் வைத்தான். வைத்தவன் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ, ஆத்தா!" என்று அலறினான்.

மஞ்சள் நூல் அப்படியே இருந்தது. சேறு பூசியிருந்ததே தவிர, ஒரு இழை அறவில்லை. பதினாலு வருஷம் மண்ணுக்குள் கிடந்த காப்பு! கூட்டம் கூடிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாவுக்கு அருளே வந்துவிட்டது. "எல்லையைத் தாண்டினாலும் ஆத்தா அவனை விடல பாத்தியா, காப்பைக் காப்பாத்தி வச்சிருக்கா" என்று தனேஸ்வரன் தேம்பினான். அந்த நூலைக் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவானது.

பிரமிளா நூலைக் கழுவிக் கொடுத்தாள். விரலில் பட்டதுமே தெரிந்துவிட்டது. காப்பு பருத்தி நூல், மஞ்சளில் தோய்த்தது, ஒரு மழைக்காலம் தாங்காது. இது நைலான். வலை நூல். மக்காமல் இருந்ததே அது காப்பு இல்லை என்பதற்குச் சாட்சி. கும்பிட்டுக்கொண்டு நிற்கிற அத்தனை பேருக்கு நடுவில் இதைச் சொல்ல எந்த வாயால் முடியும்? அவள் வாளித் தண்ணீரில் எலும்பைக் கழுவி வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக வைத்தாள். ரெண்டாவது விரல் ஒன்று, ரெண்டு, மூன்று என்று தொடங்கி நிற்காமல் போனது. எதிலும் கீல் இல்லை. மணிக்கட்டு என்று நினைத்திருந்த எலும்பின் முனையிலிருந்து ஒரு சின்னத் தொப்பி கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

குட்டி.

வலையில் மாட்டிச் செத்த குட்டி. கண்ணில் தண்ணீர் முட்டியது. தர்மேந்திரனுக்காகவா, அந்தக் குட்டிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

புதுச் சட்டியில் எலும்பை வைத்து மூடி, வேனில் உட்கார்ந்திருந்த முத்தம்மாவின் மடியில் கொடுத்தார்கள். கிழவிக்குக் கண் புகைமூட்டம், கால் வீக்கம், இறங்க முடியவில்லை. நூலை எடுத்துக்கொண்டு தனேஸ்வரனும் மற்றவர்களும் கோயிலுக்கு நடந்தார்கள். வேனில் மாமியாரும் மருமகளும் மட்டும்.

முத்தம்மா சட்டியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தூளியில் கிடக்கிற பிள்ளையைத் தட்டுகிற தட்டு.

"லேசா இருக்கான்," என்றாள். "எளச்சிட்டான். புது எடத்துல ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம். எனக்கு இனிமே பயம் இல்ல பிரமி."

பிரமிளாவால் தாங்க முடியவில்லை. சொல்லக் கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது.

"அத்தே, அது அவரு இல்ல."

தட்டுகிற கை நிற்கவில்லை. "என்னடி சொல்றே?"

"அவரு இல்ல அத்தே. மனுஷக் கையே இல்ல. டால்பின். மலாய்க்காரங்க லும்பா-லும்பாங்கிறாங்களே, அது."

"காப்பு இருந்துச்சே. எல்லாரும் பாத்தாங்களே."

"அது நைலான், அத்தே. வலை நூலு. காப்பா இருந்தா எப்பவோ மக்கியிருக்கும்." பிரமிளா கிழவியின் ஆள்காட்டி விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினாள். "இதைப் பாருங்க. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. மடங்குது இல்ல? அதுல மடங்காது. ஒரு விரல்ல ஏழு எலும்பு. நான் எண்ணிட்டேன். எத்தனையோ கை அடுக்கியிருக்கேன், எனக்குத் தப்பாது அத்தே. தப்பணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

முத்தம்மாவின் கை சட்டியின் மேல் அப்படியே நின்றது. வெளியே செம்பனை மட்டை ஒன்று முறிந்து விழுந்தது. பிறகு கிழவியின் முகம் கோணியது.

"ஏன்டி சொன்னே?" என்றாள். குரல் பிசிறியது. "இத்தனை வருசம் நான் தூங்குனேன்டி. எம் பையன் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கான்னு தூங்குனேன். நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்லா. நான் இன்னும் எத்தனை நாளைக்கு? என்னை இப்படியே அனுப்பி வச்சிருக்கலாம்லா, படுபாவி."

"மன்னிச்சிருங்க அத்தே," என்று பிரமிளா அழுதாள். "என்னால தனியாத் தாங்க முடியல."

அதுதான் உண்மை. கிழவிக்கு நியாயம் செய்ய வேண்டும் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. ஒற்றை ஆளாகச் சுமக்க முடியாததைப் பாதி இறக்கி வைத்தாள். இறக்கி வைக்க இந்த உலகத்தில் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

முத்தம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். அப்போதும் மடியிலிருந்த சட்டியை அவள் கீழே வைக்கவில்லை.

"பெருசா, சின்னதா?"

"குட்டி அத்தே. எலும்பு இன்னும் ஒட்டல."

"தாயி இருந்திருப்பாளே."

பிரமிளாவுக்கு ஜானிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. குட்டி செத்தால் தாய் டால்பின் லேசில் விடாது. மூக்கால் முட்டி முட்டித் தண்ணீருக்கு மேலேயே வைத்திருக்கும். அழுகிக் கழன்று போகிற வரைக்கும் தூக்கிக்கொண்டு அலையும். அதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள்.

கிழவியின் கை மறுபடியும் தட்ட ஆரம்பித்தது. "அவ தேடியிருப்பா," என்றாள். "நாம கொண்டாந்து பூட்டி வச்சுக்கிட்டோம். அவ அங்க தேடிக்கிட்டிருந்திருப்பா."

கோயிலிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. தனேஸ்வரன் திரும்பி வருவது தெரிந்ததும் முத்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "இவன்கிட்டச் சொல்லாத. தாங்க மாட்டான். பொதைக்கட்டும். இத்தனை வருசம் நாம சோறு போட்ட புள்ளதானே. குழியும் எனக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். குட்டிக்கு யாராச்சும் வேணும்லா."

அப்படியே நடந்தது. தர்மேந்திரன் என்று பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழே குட்டியை வைத்தார்கள். பக்கத்துக் குழி முத்தம்மாவுக்காகக் காத்திருக்கிறது. நூல் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூ வைக்கிறார்கள்.

அன்றிலிருந்து தர்மேந்திரன் பிரமிளாவிடம் வரவில்லை. கிடங்குக் காற்றாடி வெறும் காற்றாடியாகச் சுற்றியது. சேற்று வாடை இல்லை. முதலில் அவள் நம்பவில்லை, பிறகு மெல்ல மெல்லப் பழகிக்கொண்டாள். சொன்னதால் அவனுக்கு நிம்மதி வந்துவிட்டது போலிருக்கிறது, பொய்க் குழியிலிருந்து அவனை விடுவித்துவிட்டோம் போலிருக்கிறது என்று தோன்றியது. நல்லபடியாகத் தூங்கினாள். பஸ்ஸில் கையைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

மூட்டைகளில் தேடுவதையும் அவள் விடவில்லை. ஆனால் இப்போது அதைத் தெரிந்த ஆள் இன்னொருத்தியும் உண்டு. மூட்டை வந்தால் சொல்லு என்று முத்தம்மா கேட்டிருந்தாள். பிரமிளா போன் போட்டுச் சொல்வாள். கிழவி ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

போன வாரம் ஒரு மூட்டை வந்தது. முகத்துவாரத்து மூட்டை. ஜானிஸ் வேனைத் திருப்பி நிறுத்துவதற்குள் பிரமிளா அவிழ்த்துவிட்டாள். மூக்கில்லாத மண்டை ஒன்று, கூரான பல் கொஞ்சம், ஐராவதி. விலா எலும்பு ஒரு குவியல். காதெலும்பு சல்லடையில் கடகடத்தது. விரலெலும்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், எல்லாமே ரெண்டு முனையும் தட்டை. அப்புறம் போனை எடுத்தாள்.

"மூட்டை வந்துச்சு அத்தே."

"இருக்கானா?"

"இல்ல அத்தே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். எல்லாம் டால்பின்தான்."

வழக்கமாக அதோடு கிழவி போனை வைத்துவிடுவாள். அன்றைக்கு வைக்கவில்லை. அந்தப் பக்கம் தனேஸ்வரன் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"பிரமி," என்றாள். "அவன் எங்கிட்ட வர்றான்டி. அன்னைக்கு வேன்ல நீ சொன்னதுலேர்ந்து வர்றான். சொட்டச் சொட்ட நனஞ்சு நிக்கிறான். ஒரு கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு நிக்கிறான். காட்டுடான்னா காட்ட மாட்டேங்கிறான்."

 அந்த மறைத்த கையைப் பற்றிப் பிரமிளா யாரிடமும் சொன்னதில்லை. வேனில் கூடச் சொல்லவில்லை.

"ஏன் காட்ட மாட்டேங்கிறான் பிரமி?"

"தெரியல அத்தே," என்றாள். "நான் இன்னொரு தடவை பாக்குறேன்."

போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே சலித்துக் கொட்டியிருந்த மண்ணை அள்ளிச் சல்லடையில் போட்டாள்.